அகழிக்கு இப்பால் ஒரு நாள்

விலங்குகளைக் காணக் குடும்பமாகச் செல்லும் இடத்திற்குத் தமிழில் ஒரே பெயர் இல்லை. இலங்கையில் அது மிருகக்காட்சிசாலை, தமிழ்நாட்டில் உயிரியல் பூங்கா, சிங்கப்பூரில் விலங்கியல் தோட்டம். பழைய சென்னையில் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் உயிருள்ள விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் மக்கள் தாமே பெயரிட்டு வழங்கினர். 'காட்சிசாலை' என்று சொல்லும்போது பார்க்க வந்தவரே முதன்மையானவர். விலங்கு அவருக்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட பொருள். 'தோட்டம்' என்று சொல்லும்போது இடம் முன்னால் வந்துவிடுகிறது, அதற்குள் காலடி வைப்பவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். சிங்கப்பூரின் வடக்கே, மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையில், மண்டாய் என்னும் பகுதியில் அமைந்துள்ள தோட்டம் தன் பெயருக்கு ஏற்ப நடந்துகொள்ள ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவருகிறது. அந்த முயற்சி முழுமை பெறுவதில் அங்கே ஒரு நாளைக் கழிக்கவரும் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கைப் பெரும்பாலான குடும்பங்கள் அறியாமலேயே தவறவிடுகின்றன என்பதும் இங்கே விளக்கப்படும்.

தவறு பெரும்பாலும் வரைபடத்தைக் கையில் வாங்கியவுடனே தொடங்கிவிடுகிறது. மண்டாயில் இன்று இருப்பது ஒரு பூங்கா அன்று. 1973 ஜூன் 27 அன்று திறக்கப்பட்ட விலங்கியல் தோட்டம், 1994 மே 26 அன்று திறக்கப்பட்ட நைட் சஃபாரி, ஆறுகளின் உயிரினங்களுக்கென 2013இல் ரிவர் சஃபாரி என்ற பெயரில் தொடங்கி இப்போது ரிவர் வொண்டர்ஸ் எனப்படும் பூங்கா, ஜூரோங்கில் 1971 முதல் இருந்துவந்த பறவைப் பூங்காவின் வழித்தோன்றலாக 2023 மே மாதம் திறக்கப்பட்ட பேர்ட் பேரடைஸ், 2025 மார்ச்சில் இவற்றோடு சேர்ந்துகொண்ட ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா என ஐந்து பூங்காக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. விலங்கியல் தோட்டம் மட்டுமே 28 ஹெக்டேர். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் காத்திப் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் குடும்பம், கொடுத்த காசுக்கு ஒன்றையும் விடக்கூடாது என்ற கணக்கில், வெள்ளைப்புலி, ஒட்டகச்சிவிங்கி, பென்குவின் என்று விரல் மடக்கியபடி ஓடத் தொடங்குகிறது. பதினொரு மணி வெயிலில் சின்னப்பிள்ளை தள்ளுவண்டியில் அழுகிறது, பாட்டிக்கு முழங்கால் வலிக்கிறது, தந்தையின் கைப்பேசியில் எழுபது படங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் எந்த ஒரு விலங்கையும் ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை.

இப்படி ஓடுபவர்களுக்கு அத்தோட்டத்தின் மிக அரிய வேலைப்பாடு கண்ணில் படுவதே இல்லை. மண்டாயில் கம்பிக் கூண்டுகள் அரிது. பெரும்பாலான விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையே இருப்பது அகழி, அதாவது பார்ப்பவரின் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிப் புதர்களால் மறைந்துவிடும் பள்ளமோ நீர்நிலையோ. தடை இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. இம்முறையை உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக் என்னும் விலங்கு வணிகர். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு உயரம் தாண்டும், எவ்வளவு தூரம் பாயும் என்பதை அளந்து, அந்த அளவுக்குச் சற்றே கூடுதலாகப் பள்ளம் வெட்டினால் கம்பியே தேவையில்லை என்று கண்ட அவர், 1896இல் அந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்று, 1907இல் ஹாம்பர்க்கை அடுத்த ஷ்டெல்லிங்கனில் தம் தோட்டத்தைத் திறந்தார். அங்கே தடாகத்தின் பின்னால் மான்களும், மான்களின் பின்னால் சிங்கங்களும், சிங்கங்களின் பின்னால் மலையாடுகளும் ஒரே நிலத்தில் நிற்பனபோல் தோன்றின.

ஹாகன்பெக்கைப் புகழ்ந்து மட்டும் எழுதிக் கடந்துவிட முடியாது. அதே மனிதர் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் அழைத்துச் சென்று ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்சிப்படுத்தினார் என்பதும் வரலாறு. கம்பியை அகற்றிய கைக்குக் காட்சிப்படுத்தும் ஆசை போகவில்லை. ஆயினும் அந்த இலங்கைத் தொடர்பின் வழியாகவே அவருடைய முறை ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது. கார்லின் மாற்றாந்தாய் வழித் தம்பியான ஜான் ஹாகன்பெக் கொழும்பில் தங்கி, ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டிய விலங்குகளை 1920களில் தெஹிவளையில் சேர்த்துவைத்திருந்தார். அவருடைய நிறுவனம் நொடித்துப்போனபின் 1936இல் அரசாங்கம் அவ்விடத்தை எடுத்துக்கொள்ள, அதுவே தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஆயிற்று. பிற்காலத்தில் அதன் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ் என்பவரைத்தான் சிங்கப்பூர், தனது புதிய தோட்டத்தை வடிவமைக்க ஆலோசகராக அழைத்தது. ஹாம்பர்க்கில் வெட்டப்பட்ட அகழி தெஹிவளை வழியாக மண்டாய்க்கு வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

சிங்கப்பூருக்கு அதற்கு முன்பும் விலங்குகளை வைத்துப் பழக்கம் உண்டு. தாவரவியல் பூங்காவில் 1875 முதல் 1905 வரை ஒரு சிறு விலங்குச்சாலை இருந்தது. சிராங்கூன் சாலையில் வீட்டருகே விலங்குகளை வளர்த்துவந்த வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா என்னும் இந்திய வம்சாவளி நிலக்கிழார், அவற்றை 1928 வாக்கில் பொங்கோல் கடற்கரைக்கு மாற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். புலியொன்றைப் பழக்கித் தம்மோடு நடத்திச் சென்றவர் என்று அவர் பேசப்பட்டார். 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பாதுகாப்புக்காக அந்த இடம் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. விலங்குகளை அப்புறப்படுத்த ஒரே நாள் அவகாசம் தரப்பட்டது. ஒரு நாளில் புலியையும் சிங்கத்தையும் யாரால் எங்கே கொண்டுபோக முடியும்? தீங்கற்றவை அவிழ்த்துவிடப்பட்டன, மற்றவை சுடப்பட்டன. பாசப்பா அடுத்த ஆண்டே காலமானார். பொங்கோலில் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்து, விடுமுறைக்கு மண்டாய் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லவேண்டிய கடமை பெரியவர்களுக்கு உண்டு.

மண்டாய்த் தோட்டத்தின் யோசனை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராயிருந்த ஓங் சுவீ லா என்பவரிடமிருந்து 1960களின் இறுதியில் வந்தது. நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டுநிலம் வீடு கட்டவோ தொழிற்சாலை வைக்கவோ உதவாது, மக்கள் பொழுதைக் கழிக்கவாவது உதவட்டும் என்பது அவருடைய எண்ணம். ஏறத்தாழ 270 விலங்குகளோடு தொடங்கிய அத்தோட்டம் தொடக்கத்தில் அகழிக் கணக்கில் தடுமாறியதும் உண்டு. திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பியோடியது. 1974இல் கொங்கோ என்ற நீர்யானை வெளியேறி நீர்த்தேக்கத்தில் இறங்கி, ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிடிகொடுக்காமல் அங்கேயே வாழ்ந்தது. மறைவான தடை என்பது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. விலங்கின் உடலையும் விருப்பத்தையும் தடை கட்டுபவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார் என்பதை அளக்கும் கருவி அது. நீந்தத் தெரியாத ஓராங் உத்தானுக்குத் தண்ணீர் போதும். நீர்யானைக்கோ தண்ணீர்தான் வாசல்.

ஆகவே ஒரு குடும்பம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எத்தனை விலங்குகளைப் பார்க்கலாம் என்பது அன்று, எந்த விலங்கு எப்போது விழித்திருக்கும் என்பதே. வாயில் காலை எட்டரை மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் இன்னும் ஏறியிருக்காது. முதல்வேளை உணவுக்காக விலங்குகள் நடமாடிக்கொண்டிருக்கும். நேராக ஓராங் உத்தான்கள் இருக்கும் பக்கம் போய், அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றுவிடுவது சிறந்த தொடக்கம். மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதர், 'ஹுத்தான்' என்றால் காடு; காட்டு மனிதர் என்பது பெயரின் பொருள். மரங்களுக்கிடையே கட்டிய கயிறுகளில் அவை தலைக்குமேல் கடந்துபோகும். கூண்டு எதுவும் இருக்காது. முதல் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு செந்நிற மயிர்மூட்டை மட்டுமே தெரியும். பத்தாவது நிமிடத்தில்தான் அந்த மூட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய கை வெளியே வருவதும், தாயின் விலாப்பக்க மயிரைப் பற்றியிருக்கும் விரல்களில் ஒவ்வொன்றாகப் பிடி மாற்றுவதும், தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பெருங்கையால் அந்தக் குட்டியின் முதுகைத் தாங்கிக்கொள்வதும் புலப்படும். ஓராங் உத்தான் தாய் தன் பிள்ளையை ஆறேழு ஆண்டுகள் தன்னோடு வைத்துக்கொண்டு எந்தப் பழம் உண்ணத்தக்கது, படுக்கைக்குக் கிளைகளை எப்படி மடக்குவது என்பதையெல்லாம் கற்பிக்கிறது. அடுத்த குழந்தைக்கு ஏழெட்டு ஆண்டு இடைவெளி விடுகிறது. காடு அழியும்போது இந்த இனம் ஏன் எளிதில் மீள முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. இதைப் பேத்திக்குச் சொல்லத் தாத்தாவுக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை ஓட்டம் விழுங்கிவிடக் கூடாது.

சுவிட்சர்லாந்து விலங்கியல் அறிஞர் ஹைனி ஹெடிகர் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 'விலகு தூரம்' என்னும் கருத்தை விளக்கினார். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எல்லை உண்டு. அந்நியர் அதைத் தாண்டி நெருங்கினால் அது ஓடும், ஓட வழியில்லையென்றால் தாக்கும், அதற்கும் வழியில்லையென்றால் உள்ளுக்குள் நலிந்துபோகும். அதனால் நல்ல தோட்டம் விலங்குக்குப் பின்வாங்கிப் பதுங்க இடம் வைத்தே தீரவேண்டும். கண்ணாடித் தடுப்பை உள்ளங்கையால் தட்டி, 'ஏய், இங்கே பாரு' என்று புலியை எழுப்ப முயலும் சிறுவனைத் தடுக்காத பெற்றோர், விலங்கின் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே உரிமையையும் பறிக்கிறார்கள். கட்டணம் வாங்கியது உள்ளே வருவதற்காகத்தான்; புலி எழுந்து நிற்பதற்காக அன்று. 'தாத்தா, புலி எங்கே?' என்று கேட்கும் பிள்ளைக்கு, 'அதுக்கு இப்போ தூக்க நேரம் கண்ணா, நாம அப்புறமா வந்து பார்ப்போம்' என்று அமைதியாகச் சொல்லும் பெரியவர் அந்தத் தோட்டத்தின் பாதி வேலையைச் செய்துமுடிக்கிறார்.

நடுப்பகல் மண்டாயில் கடினமானது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள வெயிலும் காட்டின் ஈரமும் சேர்ந்து சட்டையை உடம்போடு ஒட்டவைத்துவிடும். பிற்பகலில் மழை கொட்டுவதும் வழக்கம். அந்த நேரத்தில் விலங்குகள் நிழல் தேடி ஒதுங்குவதைப்போல் குடும்பமும் ஒதுங்குவதே அறிவுடைமை. தயிர்ச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் கட்டிவந்தவர்கள் அதை வாலில்லாக் குரங்கின் எதிரிலோ வாலுள்ள குரங்கின் எதிரிலோ திறக்காமல் இருப்பது நல்லது. காட்டிலிருந்து தாமாக வந்துபோகும் நீண்டவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைத் தூரத்திலேயே அறிந்துகொள்ளும். மழைக்கு ஒதுங்க நேர்ந்தால் 'ஃபிராஜைல் ஃபாரஸ்ட்' என்னும் மூடிய மழைக்காட்டுக் கூடம் உகந்தது. பழந்தின்னி வௌவால்கள் கையெட்டும் உயரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி தர்ப்பூசணித் துண்டைச் சப்பிச் சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்புவதை அங்கே அருகிலிருந்து காணலாம். தரையில் இலைகளுக்கிடையே, பூனையைவிடச் சிறியதான சருகுமான் ஒன்று பென்சில் பருமனுள்ள கால்களோடு அடியெடுத்து வைப்பதும் தெரியும். அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உயரம் குறைந்த பிள்ளைகள்தான்.

இத்தோட்டத்தின் நினைவில் இரண்டு விலங்குகள் மற்றெல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்திருக்கின்றன. ஒன்று, ஆ மெங் என்னும் பெண் சுமத்திரா ஓராங் உத்தான். ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்ட அது, பின்னர் வருகையாளர்களோடு காலையுணவு மேசையில் அமர்ந்து நாட்டின் அடையாளமாகவே ஆகியது. 2008 பிப்ரவரி 8 அன்று அது இறந்தபோது நினைவஞ்சலிக்கு ஏறத்தாழ 4,000 பேர் திரண்டனர். மற்றொன்று இனுக்கா என்னும் பனிக்கரடி. 1990 டிசம்பர் 26 அன்று மண்டாயிலேயே பிறந்த அது, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி எனப் போற்றப்பட்டது. ஆனால் 2004இல் இனுக்காவின் மயிரும் அதன் தாய் ஷீபாவின் மயிரும் பச்சை நிறமாயின. பனிக்கரடியின் மயிர் உள்ளே குழலாக இருக்கும். அந்தக் குழலுக்குள் வெப்பமண்டல ஈரத்தில் பாசி படர்ந்துவிட்டது. கரடிக்கு அதனால் உடல்தீங்கு இல்லை, மருந்தால் கழுவியதும் வெண்மை திரும்பியது. எனினும் அந்தப் பச்சை நிறம், எத்தனை குளிரூட்டி வைத்தாலும் இந்த விலங்குக்கு இந்த ஊர் உரியதன்று என்பதைப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எழுதிக்காட்டியது. 2006இல் தோட்டம் இனிமேல் வடதுருவப் பகுதி விலங்குகளைக் கொண்டுவருவதில்லை என்று அறிவித்தது. இனுக்கா மட்டும் பிறந்த இடத்திலேயே முதுமையடைந்து, மூட்டுவாதத்தால் துன்புற்று, 2018 ஏப்ரல் 25 அன்று 27ஆம் வயதில் கருணை முறையில் உறங்கவைக்கப்பட்டது. இனுக்கா பிறந்ததைக் கொண்டாடிய பெருமையைக் காட்டிலும் இன்னொரு பனிக்கரடி வேண்டாம் என்று எடுத்த முடிவே அந்தத் தோட்டத்துக்கு உண்மையான பெருமை சேர்ப்பது. அதை எடுக்கப் பதினாறு ஆண்டு ஆனது என்பது வருத்தம் தருவதாயினும், பல நாடுகளின் பூங்காக்கள் இன்னும் எடுக்காத முடிவு அது.

பிற்பகலில் பிள்ளைகளைச் சற்று உறங்கவிட்டு, மாலையில் அடுத்த வாயிலுக்குப் போகும் குடும்பங்கள் நல்லதொரு தேர்வைச் செய்கின்றன. வெப்பமண்டலப் பாலூட்டிகளில் பெரும்பகுதி இரவில் இயங்குபவை. பகலில் அவற்றைப் பார்க்கச் செல்வது, இரவுப்பணி முடித்துத் தூங்கும் ஒருவரின் வீட்டுக்கதவைத் தட்டுவதற்கு ஒப்பானது. இந்த எளிய உண்மையின்மேல் எழுந்ததே 35 ஹெக்டேரில் அமைந்த நைட் சஃபாரி. இரவுக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதல் விலங்கியல் பூங்கா அது. அதன் வடிவமைப்பிலும் லின் டி அல்விஸின் பங்கு உண்டு. சைமன் கார்டர் என்ற ஒளியமைப்பாளர், விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நிலவொளிபோல் மேலிருந்து ஒளி கசியும்படி செய்தார். பகல் தோட்டத்தில் தடை மறைந்திருப்பதைப்போல் இங்கே விளக்கு மறைந்திருக்கிறது.

டிராம் வண்டியில் அமர்ந்து இருளுக்குள் நுழையும்போது பிள்ளைகளின் பேச்சு தானாகவே தாழ்ந்துவிடுகிறது. யாரும் அதட்டவேண்டியதில்லை. மீன்பிடிப் பூனை நீர்விளிம்பில் ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்கிறது. டேப்பிர் என்னும் விலங்கு, முன்னும் பின்னும் கருமையும் நடுவே வெண்மையுமாக, யாரோ போர்வை போர்த்திவிட்டதைப்போலக் கடந்துபோகிறது. இருளில் அந்த வெள்ளைப் பகுதி மட்டும் தெரிவதால் உருவம் உடைந்துபோய்ப் பாறையெனத் தோன்றுவதே அதற்குக் காப்பு. சில இடங்களில் இரு புள்ளிகள் மட்டும் பச்சையாக மின்னும். இரவு விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு; கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தை இருமுறை பயன்படுத்திக்கொள்ள அது உதவுகிறது. அத்தகைய கண்ணின்மேல் கைப்பேசியின் மின்னல் ஒளி பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் போதும். அதன்பிறகு வண்டியில் யாராவது கைப்பேசியை உயர்த்தினால் முதலில் தடுப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

திரும்பும் பேருந்து மண்டாய் ஏரிச் சாலையில் ஒரு பாலத்தின் கீழே செல்கிறது. 44 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாலத்தில் வண்டி எதுவும் ஓடுவதில்லை. மண் கொட்டி, மரமும் புதரும் வளர்த்து, சாலையால் துண்டான இரு காட்டுப் பகுதிகளை இணைக்க 2019 டிசம்பரில் விலங்குகளுக்காகத் திறக்கப்பட்டது அது. அதன்மேல் நடப்பவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, உணவு நேரம் கிடையாது, கட்டணம் செலுத்திப் பார்க்கவும் வழி கிடையாது. சருகுமான் கடந்துபோனதை அங்கு மறைத்துவைத்த தானியங்கிக் கேமராக்கள்தாம் பதிவு செய்திருக்கின்றன. கீழே பேருந்தில், பகல் முழுவதும் நடந்த களைப்பில் பிள்ளைகள் பாட்டியின் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.